ஹிரானோ

ஊருக்குத் திரும்புகிற வாரம்
கெட்டிலைத் தஸ்தகீர் எடுத்துக்கொண்டான்.
மடக்குக் குடை செக்யூரிட்டிக்குப் போனது.
எனக்கு வந்தது விரல் உயரத்தில் ஒரு குப்பி,
முக்கால்வாசி மிச்சம்.
"சோறு. நல்லது" என்றார் ஹிரானோ.
நாலு வருஷத்தில் அவர் கற்ற தமிழில்
அதுவே பாதி.

தடாவிலிருந்து ஆரம்பாக்கம் வரை
ஷேர் ஆட்டோவில்
மூடியைத் திறந்து திறந்து முகர்ந்தேன்.
ஆரஞ்சுத் தோல். எள்.
அப்புறம், ஏரி வற்றுகிற மாதம்
பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று கொண்டுவருமே,
அந்த வாடை.
பக்கத்தில் இருந்த அம்மாள்
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லேபிளைப் போனிடம் காட்டினேன்.
ஏழு சுவைச் சீன மிளகாய் என்றது.
செங்கல்வராயனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை:
"குண்டூர் மிளகா லாரி நம்ம வாசல்ல போகுது,
நீ கடல் தாண்டி வாங்கியாந்திருக்க.
அவங்களும் நம்மளுது இல்லைனு
சீனாக்காரன் தலையில கட்டிட்டாங்க பாரு!"

முதல் நாள், ரசம்.
எள் மிதந்தது.
பாசி ஊறி, டீத்தூள் போல
அடியில் படிந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ரசத்தில் கை வைத்தவளிடம்
சொல்ல என்ன இருக்கிறது.

மீன் புளுசில் போட்டேன்,
புளிக்கு முன்னால் வாய் திறக்கவில்லை.
கோங்குராவிடம் அனுப்பினேன்,
போன இடம் தெரியவில்லை.
நிதிலா கொய்யாவில் தூவித் தின்றாள்,
தும்மினாள், இன்னொரு துண்டு கேட்டாள்.
ஆம்லெட், பரவாயில்லை.
வேகவைத்த வேர்க்கடலை, பரவாயில்லைக்கும் மேல்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு ராத்திரி
கேஸ் தீர்ந்திருந்தது.
ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மட்டும்.
ஆறின சோறு, அதிகம் புளித்த தயிர்.
வேறு வழியில்லாமல் குப்பியைக் கவிழ்த்தேன்.

தயிர் அதைப் பேசவிட்டது.
முதலில் தோலின் கசப்பு,
கடைவாயில் எள்,
பந்தி முடிந்த பிறகு வருகிற மாமன் போல
நிதானமாக மிளகாய்.
கடைசியில் நாக்கு ஓரம் மரத்தது,
பல் டாக்டரின் ஊசி
பாதி இறங்கினது மாதிரி.
பிரிட்ஜ் கதவைச் சாத்த மறந்து
அந்த வெளிச்சத்திலேயே உட்கார்ந்து
இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

குப்பி தரை தட்டியபோது
மாடிவீட்டுப் பெஞ்சலம்மாவிடம் கொடுத்தேன்.
உள்ளங்கையில் கொட்டி நக்கி
விரல் மடக்கினாள்:
"நுவ்வுலு. மிரபகாய. கசகசாலு. சொண்டி…"
ஆறு வரை வந்தது.
ஏழாவதற்கு இன்னொரு முறை நக்கினாள்.
"தெலீதம்மா."

நார்த்தங்காய்த் தோலை மொட்டைமாடியில் காயவைத்தோம்,
இரண்டு நாள் மழை, மறுபடி காயவைத்தோம்.
கருப்பு எள், கசகசா, சுக்கு,
விதை தட்டிய குண்டூர் மிளகாய்.
பாசிக்குப் பதில்
சென்னாக்குன்னி வறுத்துப் போடலாம் என்றேன்.
தயிர்ச் சோற்றுக்குக் கருவாடா என்று
பெஞ்சலம்மா சண்டைக்கு வந்தாள்.
அவள் பங்கில் கறிவேப்பிலை,
என் பங்கில் சென்னாக்குன்னி.
நாக்கு மரப்பது மட்டும்
இரண்டு பேருக்கும் வரவில்லை.
மிளகு போட்டால் அது
மிளகாகவே இருக்கிறது.

இப்போது மூன்றாம் முறை இடித்தாயிற்று.
சுண்டலில், சுட்ட சோளத்தில்,
காய்ச்சல் கஞ்சியில்.
ரசத்தில் மட்டும் இல்லை.
ஒசாகாவோ எதுவோ, எந்த ஊரென்று
நான் கேட்டுவைக்காத ஊரில்
அவருக்கு இது தெரிய வழியில்லை:

மளிகைச் சீட்டில்
செங்கல்வராயன் கோழிக்கிறுக்கலில்,
எள் கால் கிலோ (ஹிரானோவுக்கு).
பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நிதிலா,
"அம்மா, டப்பாவுல ஹிரானோ கம்மியா போடு."
அவளவள் பங்கு என்று பிரித்த பிறகும்
மாடியிலிருந்து கிண்ணம் இறங்குகிறது,
"கொஞ்சம் மீ ஹிரானோ இவ்வம்மா,
மா இன்ட்லோ அயிப்போயிந்தி."
உள்ளே கருவாடு இருப்பதை
இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.